நாலு அங்குல ஒட்டு

அவருடைய உயரம் ஆறடி ஒரு அங்குலம். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அவர் புடவைக்கு ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தது எங்கள் வீட்டில்தான்.

அப்போது நாங்கள் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பம்மலில் ஒரு தோல் பட்டறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அம்மா புடவைகளுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பாள். நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்த்துப் பார்த்தால், பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை எந்தப் பேச்சிலும் எப்படியாவது நுழைத்துவிடுவேன் என்று என் தோழிகள் சொல்வார்கள். இங்கே நான் நுழைக்கவில்லை, அதுவாகவே வருகிறது. ஏனென்றால் அவர் குடும்பத்தில் குழப்பம் வந்ததே என் படிப்பால்தான்.

அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. தைக்க வரும் ஒவ்வொரு புடவைக்கும் சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்திவைப்பது என் வேலை. 'மாலா, சிவப்பு நூல்' என்று எழுதினால் போதும். நான் அப்படி எழுத மாட்டேன். 'இரண்டாவது தெரு மாலா அக்காவின் அரக்கு நிறப் பட்டுப்புடவை. வெள்ளிக்கிழமைக்குள் அவசியம் வேண்டும்' என்று முழு வாக்கியமாக, முற்றுப்புள்ளியோடு எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். இப்போதும் அப்படித்தான்.

அவரைத் தெருவில் எல்லோரும் ஸ்கேல் சார் என்றுதான் சொன்னார்கள். கட்டட வரைபடம் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அவர் மனைவி தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாகர்கோவில் பக்கம் ஊர். அவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் சிஸ்டர்தான். சிஸ்டரின் உயரம் நாலடி பத்து. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சர்ச்சுக்கு நடந்து போவதைப் பார்த்தால் அம்மா சொல்வாள்: "கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல உண்டியல் நடந்துபோற மாரி கீது."

ஸ்கேல் சாருக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. அதைவிடப் பெரிய குறை, அவர் உண்மையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, வரைபடத்தில் அளவு சொல்வதுபோலச் சொல்வார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒருமுறை கேம்ப் ரோடு திருப்பத்தில் போலீஸ்காரர் அவர் ஸ்கூட்டரை நிறுத்தி லைசென்ஸ் கேட்டார்.

"வீட்ல டிவி மேல இருக்கு சார்."

"மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"மறக்கல சார். ஷூ போட்டதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துது. திரும்ப அவுக்கறதுக்கு சோம்பேறித்தனம்."

போலீஸ்காரர் சிரித்துச் சிரித்து, போ என்று கையை ஆட்டிவிட்டார். இன்னொரு முறை, எதிர்வீட்டுக்காரர்கள் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, வீடு எப்படி இருக்கிறது என்று இவரைப் போய்க் கேட்டார்கள். "கெழக்குச் செவுரு அரை இஞ்ச் சாஞ்சிருக்கு. மத்தபடி கேசரி நல்லா இருக்கு" என்றார். கூட்டமே சிரித்தது. இரண்டு மாதம் கழித்து கிழக்கு அறையின் கதவு சாத்த மாட்டேன் என்றது.

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை. கையில் பச்சை காட்டன் புடவை, அதோடு ஒரு வரைபடத்தாள். தாளில் புடவையை நீளவாக்கில் வரைந்து, எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அம்புக்குறி போட்டு அளவு எழுதியிருந்தார். இடுப்பில் செருகும் பக்கத்தில் நாலு அங்குல அகலத்துக்கு ஒட்டுத்துணி வைத்துப் புடவையின் உயரத்தைக் கூட்ட வேண்டும். முந்தானை வரும் இடத்துக்கு முன்னால் ஒட்டு நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் தோளில் தெரியும். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வாங்கிப் படித்துச் சொன்னேன். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"இன்னா சார் இது, சிஸ்டருக்கே பாதிப் பொடவ இடுப்புல சுருட்டிகினு கீது. அவங்களுக்குப் போயி ஒட்டா?"

"அவளுக்கு இல்லக்கா."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு."

அம்மா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ஊசி கீழே விழுந்தது. அதைத் தேடி எடுக்க நாங்கள் மூவரும் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. தேடும்போதும் அவர் முகம் மாறவில்லை. "கட்டினா கணுக்கால் தெரியுதுக்கா" என்றார். அம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு. ஊரிலிருக்கும் அக்காவுக்கோ தங்கைக்கோ தைக்கிறார், கேட்டால் கிண்டல் செய்கிறார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் உயரமாகத்தானே இருப்பார்கள்.

இப்படி இரண்டு வருடத்தில் நாலு புடவை ஆயிற்று. ஐந்தாவது புடவை வந்தபோது எனக்குக் காலாண்டுப் பரீட்சை நெருக்கம். சீட்டை எழுதிக் குத்தினேன். வழக்கமாகக் கொடுக்கும்போது கழற்றிவிடுவேன், அன்று மறந்துபோனேன்.

மறந்ததற்குப் பலன், அடுத்த வாரம் சிஸ்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார். டியூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தார். வெள்ளைப் புடவை, கையில் டிபன் பை, இன்னொரு கையில் அந்தச் சீட்டு.

"மக்ளே, இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சிஸ்டர்." கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் சீட்டைச் சத்தமாகப் படித்தார். "'உயரமான அம்மாவுக்கு. ஒட்டு நான்கு அங்குலம். மிகவும் கவனமாகத் தைக்கவும்.' யாரு பிள்ளே அந்த உயரமான அம்மா?"

வீட்டு வரைபடம் தேவைப்பட்டு, சார் பரண்மேல் வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்களைத் திறந்திருக்கிறார் சிஸ்டர். படங்களைச் சுருட்டிப் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் நீளக் குழாய்கள். அவற்றில் ஐந்து குழாய்களில் ஐந்து புடவை. கசங்காமல் சுருட்டி, மடிப்புக்கு நடுவில் வெள்ளைத்தாள் வைத்து. ஐந்தாவதில் என் சீட்டு.

அம்மா உளறினாள். "சார் தனக்குத்தான்னு சொல்லிகினு இருந்தாரு சிஸ்டரு. தமாசுக்கு."

"எங்கிட்டயும் அதைத்தான் சொல்லுகாரு!" சிஸ்டர் டிபன் பையைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "யாருக்குன்னு கேட்டா எனக்குன்னு சொல்லுகாரு. கல்லு மாதிரி நிக்காரு. அவளைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு தன் மானத்தையே விக்காரு பாத்தியளா அக்கா! அவ்வளவு பாசமா அவ மேல?"

அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. நாலு வருடக் கல்யாணம், அவர் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை என்று நம்பி இருந்தேனே என்று அழுதார். எழுதியது நான்தான் என்பதால், ஆறிப்போன டீயை நானே எடுத்துப்போய்ச் சூடு பண்ணி வந்தேன்.

அடுத்த ஒரு வாரம் சிஸ்டர் உயரமான பெண்களைத் தேடினார். சேலையூரில் அவ்வளவு உயரமான பெண்கள் அதிகம் இல்லை. பள்ளியின் விளையாட்டு டீச்சர் ஒருவர். பால் பூத்தில் ஒருவர், ஆனால் அவருக்கு அறுபது வயது. சர்ச்சில் பாட்டுக் குழுவில் ஓர் அக்கா. சிஸ்டர் ஆராதனை முடிந்ததும் அந்த அக்காவை ஒட்டிப் போய் நின்று, தன் தலை அவருடைய எந்த இடத்துக்கு வருகிறது என்று பார்த்திருக்கிறார். அந்த அக்கா, ஏதோ மனக்கஷ்டத்தில் வந்து நிற்கிறார் என்று நினைத்து, தலைமேல் கைவைத்துக் கண்ணை மூடி ஜெபித்துவிட்டார். "எனக்காக அப்படி உருகி ஜெபிக்கிறவ என் புருசனைத் தூக்கிட்டுப் போவாளா அக்கா?" என்று சிஸ்டர் வந்து சொன்னார். அந்தப் பெயர் பட்டியலிலிருந்து அடிபட்டது.

கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் சாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் ஸ்கேல் இல்லை.

"அவ சாயங்கால ரயிலுக்கு ஊருக்குப் போறா. திரும்பி வர மாட்டேங்கறா. நீங்க ரெண்டு பேரும் வந்து, நான் உங்ககிட்ட முதல் நாளே என்ன சொன்னேன்னு சொல்லணும்."

"எனக்குன்னு சொன்னீங்க" என்றேன்.

"அதேதான்" என்றார்.

அப்போதுதான், அந்த வெயிலில் அவர் பின்னால் நடக்கும்போதுதான், அவர் ஒருமுறைகூட எங்களோடு சேர்ந்து சிரித்ததில்லை என்பது எனக்கு உறைத்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

வாசலருகே சூட்கேஸ் தயாராக நின்றது. சிஸ்டர் நாற்காலியில், கால் தரையில் படாமல், கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் அவர் முன்னால் நின்று, "பத்து நிமிஷம் குடு. அதுக்கப்புறமும் போகணும்னா நானே ஸ்டேஷன்ல கொண்டு விடறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு குழாயை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று.

"பின்வாசல் வழியாப் போயிட்டாரோ?" என்றார் சிஸ்டர்.

"பின்வாசல் கெடயாதே உங்க வூட்டுல" என்றாள் அம்மா.

இருபத்திரண்டாவது நிமிடம் கதவு திறந்தது.

பச்சை காட்டன், அரக்குக் கரை. கொசுவம் ஒவ்வொன்றும் ஒரே அகலம், அளந்து வைத்ததுபோல இருந்தது, அளந்துதான் வைத்திருப்பார். ஒட்டு உள்ளே போய், கரை பாதத்தைத் தொட்டு நின்றது. அம்மா என் காதில், "ஃபால்சு எப்டி நிக்குது பாரு" என்றாள், அந்த நேரத்திலும். ரவிக்கை அவரே காகிதத்தில் வரைந்து வெட்டிக் கையால் தைத்தது என்று பிறகு தெரிந்தது. மற்றதெல்லாம் அவரேதான். அதே கண்ணாடி, அதே கைக்கடிகாரம், அதே மீசை. குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் நிற்பதுபோல நின்றார்.

சிஸ்டர் நாற்காலியிலிருந்து இறங்கி அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"யாரு கட்டி விட்டா?"

"நானே."

"எவ்வளவு நாளா?"

"காலேஜ்லேர்ந்து."

"கட்டிக்கிட்டு என்ன செய்வீங்க?"

"டிராயிங் போடுவேன். ரேடியோல மேட்ச் கேட்பேன்." கொஞ்சம் யோசித்தார். "சில நாள் பூண்டு உரிப்பேன்."

"அந்தப் பூண்டு!" என்றார் சிஸ்டர். "நான் டியூட்டி முடிஞ்சு வந்தா ஒரு டப்பா உரிச்சு இருக்கும். எம்மேல எவ்வளவு கரிசனம்னுல்லா நெனச்சேன்!"

"கரிசனம்தான். கை சும்மா இருந்துது."

அம்மா சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"முன்னாடி பயம். சொல்லல, தப்புதான். கல்யாணமாகி மூணாம் நாள் சொன்னேன். உங்க அம்மா வீட்டு மாடியில. எனக்குப் புடவை கட்டறது பிடிக்கும்னேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. உங்க அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னே. அவங்களும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு தடவை சொன்னேன்."

சிஸ்டருக்கு மாடி ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"அப்போ நான் வேண்டாமா உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா என்னை வெளியே போ என்று இடித்தாள். நான் நகரவில்லை.

"நீதான் வேணும். வேற யாரும் எனக்கு வேணாம், ஆணும் வேணாம் பொண்ணும் வேணாம். இதுவும் வேணும், எப்பவாவது. நீ போறேன்னா இதை விட்டுடறேன்னு சொல்லணும்னுதான் இருபது நிமிஷமா உள்ள நின்னு பார்த்தேன். விடுவேனான்னு தெரியல. தெரியாததைச் சொன்னா பொய்யாயிடும்."

சிஸ்டர் சூட்கேஸைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "பேண்ட் போட்டுட்டு வாங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

அன்று மாலை அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, சூட்கேஸைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, சார் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனார். தனியாகத் திரும்பி வந்தார்.

மூன்றாம் நாள் ஐந்து குழாய்களையும் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்து, "ஒட்டை எல்லாம் பிரிச்சிடுங்கக்கா" என்றார். என்றைக்கும் அளவு எழுதிய தாளோடு வருபவர், வெறுங்கையோடு நின்றார்.

"தைக்கறத்தவிட பிரிக்கறது ரோதன சார். துணி கிழிஞ்சுபூடும். சிஸ்டரு வர்ட்டும், பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"வரலைன்னா?"

அம்மா குழாய்களை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிரிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும். அரை மணி நேர வேலை.

பத்தாம் நாள் சிஸ்டர் வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று அம்மா கேட்கவில்லை, அவரே சொன்னார். "எங்க அக்கா வீட்டுக்காரரு வேட்டிதான் கட்டுகாரு. பத்து நாளும் பக்கத்துல இருந்து பாத்தேன் அக்கா. வாயைத் தொறந்தா ஒண்ணும் உண்மை இல்ல. அவ தெனம் அவரு சட்டைப் பையைத் துழாவிட்டே கெடக்கா." பிறகு, "எனக்கு இன்னும் பழகல. கண்ணு கூசுது. பழகுமான்னும் தெரியல. ஆனா பையைத் துழாவ வேண்டாம்லா" என்றார். போகும்போது கட்டிலுக்கு அடியிலிருந்த குழாய்களையும் கேட்டு வாங்கிப்போனார்.

புடவையோடு வாசல் கேட்டைத் தாண்டக் கூடாது என்றும், தன் அம்மா வந்திருக்கும்போது குழாய் பரணிலிருந்து இறங்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டாராம். அதற்கெல்லாம் சார் உடனே தலையாட்டிவிட்டார். மீசைக்குத்தான் இரண்டு நாள் இழுத்தது. "மீசையோட முந்தானையைப் பாத்தா கூத்து பாக்குத மாதிரி இருக்கு. ஒண்ணு மீசை, இல்லேன்னா புடவை" என்பது சிஸ்டரின் தீர்ப்பு. சார் மீசையை எடுத்துவிட்டார்.

மறுநாள் மாலை தெருமுனை டீக்கடை முன்னால் எதிர்வீட்டுக்காரர் மறித்துக்கொண்டார். நான் ஸ்கூலிலிருந்து வந்துகொண்டிருந்தேன். சிஸ்டரும் பால் பாக்கெட்டோடு சாரின் பக்கத்தில் நின்றார்.

"என்ன சார், மீசை எங்க?"

இவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

"புடவைக்குப் பொருந்தலைன்னு வீட்ல சொல்லிட்டாங்க சார்."

டீக்கடையே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையில் கொட்டிக்கொண்டார். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாந்து சாரின் முகத்தைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். மூன்று தடவை சொன்னேன் என்று அவர் சொன்னதை நினைத்திருப்பார் போலிருக்கிறது. பிறகு அவர் முழங்கையைப் பிடித்து, "வாங்க, பாலு திரிஞ்சிரும்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

நான் இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் யாராவது ஒரே முகத்தோடு ஏதாவது சொல்லி, மற்றவர்கள் சிரித்தால், சிரிப்பதற்கு முன் ஒரு நொடி நிற்கிறேன். இது அவரால் வந்த பழக்கம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு ஒரு பையோடு வந்தார். பைக்குள் இரண்டு புதுப் புடவைகள். இரண்டும் ஒரே கருநீலம், வெங்காயச் சருகு நிறத்தில் கரை. ஒன்றை எடுத்து அம்மா மடியில் பிரித்துப் போட்டார்.

"இது எனக்கு. இதுல மேலே நாலு இஞ்ச் வெட்டிருங்க."

அம்மா பதறிவிட்டாள். "இன்னா சிஸ்டரு, பண்டிக சேலையில யாருனா கத்திரி வெப்பாங்களா? சாரு பொடவைக்கு இதே கலருல துணி நான் எடுத்து ஒட்டு வெக்கிறேன். நம்ம வூட்டுல இல்லாத துணியா?"

"வேற துணி எதுக்கு? எனக்கு மிச்சமாகுது, இடுப்புல மூட்டை மாதிரி சுருட்டி வச்சிட்டு அலையுதேன். அவருக்குப் பத்த மாட்டேங்குது. இதுல வெட்டி அதுல சேத்திருங்க."

அம்மா கத்திரியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நான் சாரின் பழைய வரைபடத்தாளைத் தேடி எடுத்து, முந்தானைக்கு முன்னால் எங்கே நிறுத்த வேண்டும் என்று படித்துச் சொன்னேன். கத்திரி புதுத்துணியில் இறங்கும் சத்தம் கேட்டபோது சிஸ்டரே கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சீட்டு எழுதினேன். நிறைய யோசித்துத்தான் எழுதினேன். 'ஸ்கேல் சாருக்கு. ஒட்டு நான்கு அங்குலம், சிஸ்டரின் புடவையிலிருந்து.'

இரண்டு நாள் கழித்து சிஸ்டர் வாங்க வந்தபோது, ஞாபகமாகச் சீட்டைக் கழற்றக் கை நீட்டினேன். அவர் படித்துப் பார்த்தார்.

"இருக்கட்டும் மக்ளே" என்றார். "அவரு பாக்கட்டும்."